கோமதி தாழ்த்தச் சொன்ன வண்டி

காலையில் பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தாணுவிடமிருந்து ஃபோன் வந்தது. "அண்ணாச்சி, கோமதி நம்மள விட்டுட்டுப் போயிட்டா" என்றார். விடியும் நேரத்தில் நெஞ்சுவலி வந்திருக்கிறது. ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம்தான் என்னோடு சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாள். அவளுடைய கணவர் தாணு அழவில்லை, ஒரே மூச்சில் அடுத்ததைச் சொன்னார்: "இங்க எல்லாரும் என்னைய வீட்டுலயே இருக்கச் சொல்லுகாங்க. கொள்ளி அவ தம்பி வச்சாப் போதுமாம். நான் போணும் அண்ணாச்சி. நம்ம வண்டியிலதான் போணும். ஒருத்தனும் என்னைத் தூக்கப்பிடாது. நீங்க வந்து ஓட்டுவேளா?"

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து சாலைக் கடைத்தெருவில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க எனக்கு அந்த ஒரே கவலைதான். கோமதி இல்லாமல் அவர் அந்த வண்டியில் ஏறியதே கிடையாது.

இதைப் படிக்கிற உங்களில் பலர் கரமனையில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்தவர்கள். உள்ளே நுழைந்ததும் முதல் மேஜையில் உட்கார்ந்திருந்தவள் கோமதி. அவளிடம் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் யாரும் திரும்பிப் போயிருக்க மாட்டீர்கள். முதலில் 'அவர்' என்று மரியாதையாக எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருந்தது. அடித்துவிட்டு 'அவள்' என்றே எழுதுகிறேன்.

எங்கள் வேலை காரின் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தித் தரச் சொல்லி வரும் பையன்கள்தான் பாதி வாடிக்கை. கழக்கூட்டத்தில் ஐ.டி. வேலை பார்க்கிற ஒருவன் வந்து மலையாளத்தில், "சேச்சி, டயரின்றெ மேலெ ஒரு விரல் போகான் பாடில்ல" என்றான். டயருக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையக் கூடாதாம். கோமதி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "மோனே, வெளிய நின்னு பாக்கதுக்கு நல்லாத்தான் இருக்கும். நீ உள்ளயில்லா இருப்ப? போயி பின் ஸீட்டுல ஒக்காரு" என்றாள். ஏற்கெனவே அப்படித் தாழ்த்திய ஒரு வண்டியில் அவனை உட்கார வைத்து, பட்டறைக்கு முன்னால் வேகத்தடையாகப் போட்டிருக்கும் ஹம்பில் மெக்கானிக்கை விட்டு இரண்டு தடவை ஏற்றி இறக்கச் சொன்னாள். பையன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். "வீட்டுல அம்மா உண்டா? அவங்க எந்த ஸீட்டுல இருப்பாங்க?" என்று கேட்டாள். அவன் தன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

"வந்தவனையெல்லாம் வெரட்டிவிடு. நாம கடையப் பூட்டிட்டுப் பூப்பறிக்கப் போவோம்" என்று நான் கத்தினேன். "திரும்பி வருவான் அண்ணாச்சி, சும்மா கெடந்து சாடாதீங்க" என்றாள். வரவும் செய்தான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

தாணு எலெக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்தவர். ஒரு கட்டடத்தில் சாரம் சரிந்து கீழே விழுந்தார். உயிர் பிழைத்தது, கால்கள் இரண்டும் செயலிழந்துவிட்டன. கைகளில் மட்டும் பழைய பலம் அப்படியே இருந்தது. விழுவதற்குக் கொஞ்ச காலம் முன்புதான் ஆசை ஆசையாக ஒரு உயரமான கார் வாங்கியிருந்தார். நம் ஊர்க் குழிக்கும் மழைத்தண்ணிக்கும் உயரமான வண்டிதான் சரி என்று என்னிடமே பெருமை பேசியவர். இப்போது அந்த உயரமே வினையாகிவிட்டது. கார் ஸீட் சக்கர நாற்காலியைவிட ஒரு சாண் மேலே இருந்தது. பிசியோதெரபிக்குப் போகும்போதெல்லாம் தெருவிலிருந்து இரண்டு ஆண்கள் வந்து, ஒருவர் கக்கத்திலும் ஒருவர் முழங்காலிலும் பிடித்து அவரைத் தூக்கி உள்ளே வைப்பார்கள். சாலைக் கடைத்தெருவின் பின்சந்து அது. இரண்டு பக்கமும் கடை, எல்லாக் கடையிலும் ஆள். கொஞ்ச நாளில் அவர் இனி பிசியோதெரபிக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். படுக்கையிலேயே கிடந்து முதுகில் புண் வைக்கத் தொடங்கியது.

அதைப் பார்த்த அன்றைக்குத்தான் கோமதி தன் மேஜைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். "அண்ணாச்சி, எங்க வண்டிய எறக்கணும். வீல்சேரு ஸீட்டுக்கு நேரா வரணும். அவரு நடுவுல ஒரு பலகையப் போட்டு அவராவே நகந்து ஏறிக்கிடுவாரு" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. "ஒனக்குத் தெரியாததா? அவ்வளவு எறக்கினா ஸ்பிரிங்கு அமுங்க எடம் எங்க இருக்கு? இருக்கிற கொஞ்ச எடத்துக்குள்ள நிக்கணும்னா கட்டியான ஸ்பிரிங்கு போடணும். ஒவ்வொரு ஹம்புலயும் அவருக்கு முதுகுல அடி விழும்."

"தூக்குற ஒவ்வொரு தடவையும் அவருக்கு மூஞ்சில அடி விழுகு. அதுக்கு ஒங்க கிட்ட ஷாக் அப்சார்பர் உண்டா?"

அவள் கண் கலங்கியதை நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன்.

முதலில் செய்த வேலை பார்க்க ஜோராக இருந்தது. குட்டையான, கட்டியான ஸ்பிரிங் போட்டோம். வண்டி தரையைத் தடவிக்கொண்டு நின்றது, பையன்கள் சுற்றி நின்று ஃபோட்டோ எடுத்தார்கள். தாணு நாற்காலியிலிருந்து பலகையில் நகர்ந்து, ஒருவர் கையும் படாமல், முன் ஸீட்டில் போய் உட்கார்ந்தார். கோமதி என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு கர்வம் இருந்தது. அடுத்த அரைமணி நேரத்தில் அவளிடமிருந்து ஃபோன். "வாங்க. இப்பமே வாங்க."

போய்ப் பார்த்தால், கடைத்தெருவின் நடுவில் வண்டி நிற்கிறது. முதல் ஹம்பைத் தாண்டியபோது ஸ்பிரிங் முழுதாக அமுங்கி, அடியில் இருக்கும் ரப்பர் கட்டையில் போய் இடித்திருக்கிறது. அந்த அடி அப்படியே தாணுவின் முதுகுத்தண்டில் ஏறியிருக்கிறது. மேல் கைப்பிடியைப் பிடித்தபடி, உதட்டைக் கடித்துக்கொண்டு, சட்டை முழுக்க வேர்வையாக உட்கார்ந்திருந்தார். முன்னால் இன்னொரு ஹம்ப். பின்னால், தாண்டி வந்த ஹம்ப். எந்தப் பக்கம் போனாலும் அவருக்கு மறுபடி அந்த அடி விழும். பின்னால் ஆட்டோக்களும் லாரிகளும் ஹாரன் அடித்துத் தெருவைப் பிளந்தன. நாலு பேர் ஓடிவந்து, "எறக்கித் தூக்கிட்டுப் போயிரலாம்" என்று கதவில் கை வைத்தார்கள். கோமதி குறுக்கே நின்றாள். "கதவத் தொட்டா கைய ஒடிப்பேன்" என்றாள்.

நான் நாலு டயரிலும் காற்றைக் குறைத்தேன். அவளோ லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த லோடிங் ஆட்களிடம் போய், "அண்ணன்மாரே, காலிச் சாக்கு எல்லாத்தையும் தாங்க" என்று கேட்டாள். அவர்கள் சாக்குகளை மடித்து மடித்து ஹம்பின் முன்னாலும் பின்னாலும் அடுக்கிச் சரிவாக்கினார்கள். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தாள். வண்டி நத்தைபோல ஏறியது. நான் பக்கத்திலேயே நடந்தபடி தாணுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஹாரன் சத்தம் நின்றிருந்தது. முன் சக்கரம் இறங்கியது, பின் சக்கரமும் இறங்கியது. அவர் மூச்சு விட்டார். அதற்கப்புறம் கோமதி இறங்கி வந்து, அத்தனை பேர் முன்னிலையில் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

தப்பு யாருடையது என்று இரண்டு நாள் சண்டை போட்டோம். மூன்றாம் நாள் உட்கார்ந்து யோசித்தோம். முழுக்கத் தாழ்த்துவது என்ற பிடிவாதத்தை விடவேண்டும் என்றேன் நான். அவள் விடமாட்டேன் என்றாள். கடைசியில் இருவரும் தாணுவிடமே போய்க் கேட்டோம். "ரெண்டு வெரக்கடை மேடா இருந்தா எம்பிக்கிடுவேன். ஆனா அந்த ஹம்பு இன்னொரு தடவ ஆகாது" என்றார். அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். முதலில் இளகலாக அமுங்கி, போகப் போக விறைக்கும் வகை ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், சின்ன ரிம்மில் தடித்த டயர். மீதி உயரத்தை ஸீட்டின் அடிப்பஞ்சில் குறைத்தோம். ஒவ்வொன்றையும் மாற்றியபின் கோமதியே முன் ஸீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, என்னை ஹம்பில் ஓட்டச் சொல்வாள். "இல்ல, இன்னும் முட்டுகு" என்பாள். எத்தனை தடவை அவிழ்த்துப் பூட்டினோம் என்று எனக்கு நினைவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதி வாங்கவும் அவளே அலைந்தாள். கடைசியில் ஒருநாள் ஹம்பைத் தாண்டியும் கண்ணைத் திறக்காமல் இருந்தாள். "தாண்டியாச்சா?" என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டேன்.

ஊர் வாய் சும்மா இருக்குமா? புருஷன் நடக்க முடியாமல் கிடக்க, இவளுக்கு ஸ்டைல் வண்டி கேட்கிறது என்றார்கள். சொந்தக்காரர்கள்தான் அதிகம் சொன்னார்கள். நான் கொதித்தேன், அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. "எல்லாரும் வண்டியப் பாக்கட்டும் அண்ணாச்சி. அப்பம் அவரப் பாக்க மாட்டாங்கல்லா" என்றாள். போன மாதம்கூட அந்த வண்டியை மெழுகு போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று நான் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை எடுத்துப் போகும் வண்டி வந்து நின்றிருந்தது. தாணு வாசலில், சக்கர நாற்காலியில், காருக்குப் பக்கத்தில் இருந்தார். கோமதியின் தம்பி அவர் முன்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான். "மச்சான், சொன்னாக் கேளுங்க. பட்டினியா இருக்கீங்க, கை நடுங்குகு. விழுந்து வச்சீங்கன்னா? ஒண்ணு, நாங்க தூக்கி வைக்கோம். இல்லன்னா நீங்க இங்க இருங்க, நான் கொள்ளி வச்சுட்டு வாறேன்." அவனையும் குற்றம் சொல்ல முடியாது. அவனும் அக்காவைப் பறிகொடுத்தவன்.

தாணு பதில் சொல்லாமல் பலகையைப் போட்டார். தெரு முழுக்க ஆள். முதல் தடவை எம்பினார், ஏற முடியவில்லை. கை வழுக்கிப் பாதியில் சாய்ந்தார். இரண்டு மூன்று பேர் பாய்ந்து வந்தார்கள். "யாரும் தொடப்பிடாது!" என்று நான் சத்தம் போட்டேன். கோமதி அவர் ஏறும்போது என்ன செய்வாள் என்று யோசித்தேன். நாற்காலியின் சக்கரத்துக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்துவிட்டு, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பாள். நானும் அப்படியே முழங்காலை வைத்து, தெருவைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் அவர் மூச்சு வாங்குவது கேட்டது. இரண்டாம் தடவையும் முடியவில்லை. தம்பி வாயைப் பொத்திக்கொண்டான். மூன்றாம் தடவை பலகை கிறீச்சிட்டது, ஸீட் அமுங்கும் சத்தம் கேட்டது. "அண்ணாச்சி, கதவச் சாத்துங்க" என்றார்.

நான் சுற்றிப் போய் டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. கோமதி குட்டையானவள், ஸீட்டை ஒரேயடியாக முன்னால் இழுத்து வைத்திருந்தாள். ஸீட்டைத் தள்ளும் கம்பிக்குக் கை போனது, தள்ள மனம் வரவில்லை. அப்படியே முழங்காலை மடக்கிக்கொண்டு மின்மயானம் வரை ஓட்டினேன். வழியில் எத்தனை ஹம்ப் இருந்தாலும் தாணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொள்ளியை அவர்தான் வைத்தார்.

இப்போது அவரைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப்போவது நான்தான். ஸீட்டை நான் இன்னும் நகர்த்தவில்லை. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் முழங்கால் விண்ணென்று வலிக்கிறது. கோமதியிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்த வலி ஒன்றுதான்.

போன வாரம் தாணு அதைக் கவனித்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, இப்பிடி மடங்கி இருக்கீங்க? ஸீட்டப் பின்னால தள்ளிக்கிடுங்க" என்றார். இருக்கட்டும் என்றேன்.

"சும்மா தள்ளுங்க. கோமதி வந்தா அவ இழுத்துப் போட்டுக்கிடுவா."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் ஸீட்டைத் தொடாமல் வண்டியை எடுத்தேன்.