முதலாளி கொண்டுவந்த தொலைக்காட்சி

பெர்லினில் சுவரை இடித்தபோது எனக்குக் கனடாவில், ரெக்ஸ்டேலில் வேலை. பிளாஸ்டிக் வாளிகளுக்கு மூடி செய்கிற தொழிற்சாலை. இயந்திரம் மூடியைச் சுடச்சுடத் துப்பும். நாங்கள் அதை எடுத்து, ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற பிசிறைக் கத்தியால் சீவி அடுக்க வேண்டும். நாள் முழுக்க அதுதான். லைனில் நின்றவர்களில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத்துப் பெண்கள்.

என் கணவர் மொஸ்கோ சார்புக் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர். ஊரில் மேதின ஊர்வலத்தில் முன்னுக்கு நின்று செங்கொடி பிடித்தவர். கல்யாணம் கட்டின நாளிலிருந்து தொழிலாளி வர்க்கம், தொழிலாளி வர்க்கம் என்று என் காதைத் தின்றவர். சுவர் இடிந்த கிழமை அவர் செத்தவீட்டில் இருப்பதுபோலச் சோபாவில் இருந்தார். செய்தியில் சனம் சுவரின் மேல் ஏறி ஆடுகிறது; இவர் தேத்தண்ணி கேட்கவும் மறந்துபோய் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்போதுதான் நான் வேலை முடிந்து வந்து, தொழிற்சங்கத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன் என்று சொன்னேன்.

"உமக்கென்ன விசரே? எங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. உதுகளிலை போய்ப் பேரைக் குடுப்பினமே?"

"நீங்கள்தானே இவ்வளவு காலமும் சங்கம், சங்கம் எண்டு கத்தினனீங்கள்."

"அது அங்கை. இது கனடா."

நான் குளிக்கப் போய்விட்டேன். இந்த மனிசனோடு இனி அரசியல் பேசுவதில்லை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

நான் கையெழுத்து வைத்ததற்கு எந்தக் கொள்கையும் காரணம் இல்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை ஒருத்தி, கலியாணமாகி வந்து ஒரு வருசமும் ஆகாதவள், அச்சில் ஒட்டிய மூடியை இழுக்கப்போய் உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டாள். தோல் கழன்று தொங்கியது. சூப்பர்வைசர் ஒரு பையில் ஐஸ் கொண்டுவந்து கொடுத்து, அது உருகுவதற்குள் திரும்பவும் லைனில் நிறுத்திவிட்டான். அவள் ஒற்றைக் கையால் சீவிக்கொண்டு அழுதாள். எனக்கு வந்த கோபத்தில் அன்று என் கத்தி மூடிகளைத்தான் வெட்டியது என்பது அவனுடைய அதிர்ஷ்டம்.

ஆனால் கையைச் சுட்டுக்கொண்ட அந்தப் பிள்ளையே கையெழுத்து வைக்கிற சங்க அட்டையைத் தொட மாட்டேன் என்றாள். சங்கத்தில் சேருகிறவர்கள் கம்யூனிஸ்டுகள், அவர்களுடைய பெயர் நேரே குடிவரவு அலுவலகத்துக்குப் போகும், அகதிக் கோரிக்கையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று சூப்பர்வைசர் ஒவ்வொருவர் காதிலும் ஓதியிருந்தான். எங்கள் பெண்கள் அதை அப்படியே நம்பினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. பெயர் யாருடைய கையிலாவது அகப்பட்டால் என்ன நடக்கும் என்று ஊரில் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

"அக்கா, உங்களுக்கு வாய் இருக்கு, சமாளிப்பியள். எங்களை விட்டிடுங்கோ" என்றாள் அவள்.

போர்த்துக்கல், கயானாப் பெண்கள் தயங்காமல் கையெழுத்து வைத்ததால் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று வாக்கெடுப்பு நடத்துகிற அளவுக்கு அட்டைகள் சேர்ந்துவிட்டன. வெல்லுகிற அளவுக்கு இல்லை. எங்கள் ஆட்கள் எதிர்த்துப் போட்டால் கதை முடிந்தது. தோற்றால் முதலில் என்னைத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். அது எனக்கும் தெரியும், சூப்பர்வைசருக்கும் தெரியும். வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. தொழிலாளி வர்க்கத்தின் நண்பர் இன்னும் தனக்கேற்ற வேலை தேடிக்கொண்டிருந்தார்.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் முதலாளி எங்கள் எல்லோரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். பெட்டி பெட்டியாக டோனட் வைத்திருந்தது. தன் வீட்டிலிருந்து பெரிய தொலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவந்து சுவரோரம் வைத்திருந்தார். அதற்குள் பெர்லின் ஓடிக்கொண்டிருந்தது. சுத்தியல், பாட்டு, கட்டிப்பிடித்து அழுகிற சனம்.

அவர் ஹங்கேரிக்காரர். இளவயதில் ரஷ்ய டாங்கிகளுக்குத் தப்பி, இரவோடிரவாக எல்லை கடந்து நடந்தே வந்தவர். அந்தக் கதையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது. ஆனால் கலங்கின கண்ணைத் துடைத்துவிட்டு அவர் சொன்னதைக் கேளுங்கள்.

"கம்யூனிசம் முழு உலகத்திலும் செத்துக்கொண்டிருக்கிறது. பாருங்கள். என் தொழிற்சாலைக்குள் மட்டும் சிலர் அதைப் பிறக்கவைக்கப் பார்க்கிறார்கள். சங்கம் என்றுதான் அவர்கள் தொடங்குவார்கள். எனக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உலகமே அவர் பக்கம் சாட்சி சொல்லுகிற மாதிரி அந்தப் பெட்டி கத்திக்கொண்டிருந்தது.

அப்போது போலந்துக்காரி எழும்பினாள். லைனில் எனக்கு எதிர்ப்பக்கம் நிற்பவள். பெரிய உடம்பு, சின்னக் குரல். அவளுடைய உடைந்த ஆங்கிலமும் என்னுடைய உடைந்த ஆங்கிலமும் ஒன்றையொன்று நன்றாக விளங்கிக்கொள்ளும். கையில் பாதி தின்ற டோனட்டோடு சொன்னாள்.

"என் நாட்டில் கம்யூனிஸ்டுகளை விழுத்தியது யார்? நீங்களா? சங்கம். நானும் அண்ணனும் கப்பல் கட்டுகிற இடத்தில் வேலை. சங்கத்தில் இருந்தோம். அண்ணனைச் சிறையில் போட்டார்கள். கட்சிச் செயலாளர் வந்து, சங்கம் நாட்டுக்கு எதிரி என்று பேசினார். நீங்கள் பேசியதைப் போலவே. அவர் டோனட் தரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்."

ஒரு கயானாக்காரி சிரித்துவிட்டாள். முதலாளியின் முகம் சிவந்தது. போலந்துக்காரி கதிரையில் திரும்ப இருக்கவில்லை.

"நான் இங்கே வந்தபோது கனடா அதிகாரி கேட்டார், ஏன் வந்தாய் என்று. சங்கத்தில் இருந்தேன், அதனால் வந்தேன் என்றேன். அதைக் கேட்டுத்தான் எனக்குக் காகிதம் தந்தார்கள்."

எங்கள் பெண்களுக்கு அவளுடைய ஆங்கிலம் பிடிபடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினேன்.

"பிள்ளையள், வடிவாய்க் கேளுங்கோ. உவள் சங்கத்திலை இருந்தவளாம். அதைச் சொல்லித்தான் இஞ்சை பேப்பர் எடுத்தவளாம். சங்கத்திலை இருந்ததுக்காகக் கனடாக்காரன் திருப்பி அனுப்பேல்லை, கூப்பிட்டு வைச்சிருக்கிறான். சூப்பர்வைசர் உங்களுக்குச் சொன்னது முழுப்பொய்."

"ஆங்கிலத்தில் பேசு" என்றான் சூப்பர்வைசர்.

"ஆங்கிலத்தில் அவள் சொல்லிவிட்டாள். இது தமிழ்" என்றேன்.

கையைச் சுட்டுக்கொண்ட பிள்ளை போலந்துக்காரியையே பார்த்தாள். "மெய்யே அக்கா? காட்டச் சொல்லுங்கோ."

நான் கேட்டேன். போலந்துக்காரி கைப்பையைத் திறந்து தன் காகிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள். எங்கள் பெண்கள் சுற்றி நின்று, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்கள். முதலாளி தொலைக்காட்சியை நிற்பாட்டினார். அதை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் அதே அறையில் வாக்கெடுப்பு. அரசாங்க அலுவலர் ஒருவர் வந்து, அட்டைப்பெட்டியால் மறைப்புக் கட்டி, ஒவ்வொருவராக அனுப்பினார். எண்ணும்போது கடதாசிகளை இரண்டு குவியலாகப் போட்டார். எங்கள் குவியல் சரிந்து மேசையிலிருந்து விழுகிற அளவுக்கு வந்தது. மற்றது ஒரு கையால் பொத்திவிடலாம். நான் போட்ட சத்தம் இயந்திரச் சத்தத்தையும் தாண்டிப் பட்டறை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கேட்கட்டும் என்றுதான் போட்டேன்.

வீட்டுக்கு வந்தால் கணவர் ஏற்கெனவே செய்தி அறிந்து, தொலைபேசியில் ஒரு பழைய தோழருக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். "ஓம் ஓம், கனடாவிலை முதலாளித்துவத்துக்கு எங்கட வீட்டிலை இருந்துதான் முதல் அடி."

நான் ரிசீவரை வாங்கினேன். "அண்ணை, அடி போட்டது நான். இவர் வேண்டாமெண்டு தடுத்தவர்." மறுமுனையில் அந்த மனிதர் இருமும்வரை சிரித்தார்.

அடுத்த நாள் காலை வேலைக்குப் போனேன். யாரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. லைன் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அச்சில் ஒரு மூடி ஒட்டிக்கொண்டது. எனக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளை அதை இழுக்கப் போகவில்லை. எட்டி, இயந்திரத்தை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை அமத்தினாள். அதுவரைக்கும் சூப்பர்வைசரைத் தவிர ஒருவரும் அதில் கை வைத்ததில்லை. முழு லைனும் நின்றது.

சூப்பர்வைசர் ஓடிவந்தான். "யார் நிறுத்தியது?"

"நான்" என்றாள் அவள், ஆங்கிலத்தில். பிறகு என் பக்கம் திரும்பி, "சூடாய்க் கிடக்கு அக்கா. ஆறட்டும்" என்றாள்.

நாங்கள் எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். அவன் இயந்திரத்தைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், திரும்பிப் போனான். மூடி ஆறும்வரைக்கும் நின்றோம்.