ஒத்துக்கொள் என்று நான் சொன்னது

மலாயாவில், கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்போது நான் கணக்கெழுதும் கிராணி. எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் ஊர் உலகமெல்லாம் தெரியும் என்ற மிதப்பு எனக்கு.

கூலிகளின் லயத்தில் குடியிருந்த ஒரு பால்வெட்டுக்காரரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு மூட்டை ஒட்டுப்பால், மரத்தில் உறைந்து ஒட்டிய ரப்பர், அகப்பட்டது. திருட்டு என்று போலீஸ் அவரைப் பிடித்துப்போனது. "நான் தொடவே இல்லீங்கய்யா" என்று லாக்கப்பில் பார்க்கப்போன என்னிடம் அழுதார். நானும் நம்பினேன். நம்பியும் என்ன சொன்னேன் தெரியுமா?

எங்கள் தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரை ஒருவனைக் குற்றம் சொன்னால், எதிர்த்துப் பேசுகிறவனுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. "தப்புத்தான் துரை" என்று கும்பிட்டால் நாலு திட்டோடு போய்விடும். கோர்ட்டும் ஒரு பெரிய பெரட்டு என்றே நினைத்துவிட்டேன். "மறுக்காதே. ஒத்துக்கிட்டா திட்டி விட்டுடுவாங்க" என்றேன்.

மாஜிஸ்திரேட் கேட்டதும் அவர் கையைக் கூப்பி, "ஒத்துக்கிறேன் துரை" என்றார். ஆறு மாதம் ஜெயில். பின்னால் நின்ற எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கைக்குழந்தையோடு நின்ற அவர் மனைவி என்னையே பார்த்தாள்.

நாலைந்து நாளில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரன் தோட்டத்தை விட்டு ஓடிப்போனான். மூட்டையை ஒளித்தது அவன்தான் என்று அவன் மனைவியே வந்து சொன்னாள். எனக்கு உயிர் வந்தது. அடுத்த ரயிலில் கோலாலம்பூர் போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு தமிழ் வக்கீலைப் பிடித்து அப்பீல் போடச் சொன்னேன்.

"ஒத்துக்கிட்டவனுக்கு அந்த அப்பீல் கிடையாதுப்பா. தண்டனை அதிகம்னு வேணா கேக்கலாம். செய்யலைன்னு இனிமே கேக்க முடியாது."

"செய்தவன் யாருன்னே தெரிஞ்சிருச்சுங்களே!"

"இவன்தான் செய்தேன்னு சொல்லிட்டானே. எந்த மடையன் அப்படிச் சொல்லச் சொன்னான்?"

செய்யாத மனிதன் செய்யவில்லை என்று சொல்ல வழியில்லை என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. தண்டனையைக் குறைக்க மட்டும் மனு எழுதச் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போனேன்.

மொட்டைத்தலையோடு வந்து நின்றார். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, நீங்க சொல்லிக்கொடுத்த மாதிரியேதான் சொன்னேன். இன்னும் விடல. நான் ஏதும் தப்பா சொல்லிட்டேனா?"

தப்பு என்னுடையது என்று ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை.