புல்லுக்கும் தொப்பி கழற்றியவர்

எண்பதுகளில் பேர்ண் நகரத்துக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், ஒரு விடுதியில் கோப்பை கழுவினேன். எனக்கு ஆங்கிலம் வருமென்று முதலாளி, ஒரு நெட்டை அமெரிக்கக் கிழவரோடு என்னைச் சவக்காலைக்கு அனுப்பினார். அந்தக் காலத்து அமெரிக்காவில் குதிரையில் ஊர் ஊராய்ப் போய்ப் பிரசங்கித்த தன் மூதாதையின் தாய் தகப்பன் இந்த ஊராம். ஒவ்வொரு கல்லின் முன்னும் தொப்பியைக் கழற்றிப் பெயரை வாசித்தார். எல்லாம் புதுக் கற்கள். இருபது சொச்ச வருடத்தில் கல்லை எடுத்துவிட்டு அதே இடத்தில் வேறு ஆளைப் புதைப்பார்கள் என்று நான்தான் சொல்லவேண்டி வந்தது.

வெறும் புல்லுக்கும் தொப்பியைக் கழற்றினார். பிறகு கேட்டார்: "உங்கட ஆக்களை எங்க புதைக்கிறனீங்கள்?"

"எரிச்சு, சாம்பலைக் கடலில கரைக்கிறனாங்கள்."

"நல்லது. கடலை ஒருத்தரும் கிளற மாட்டினம்."

அடுத்த வருடம் எங்கள் ஊரில் அப்பா செத்தார். அங்கே போர் நடந்ததால் கடற்கரைக்கு ஒருவரையும் விடவில்லையாம். சாம்பலை என்ன செய்தீர்கள் என்று அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவேயில்லை.

அந்தக் கிழவரென்றால் கேட்டிருப்பார்.