அவர் பக்கம் இருபத்தைந்து, என் பக்கம் பதினெட்டு

பழைய கார் வழியிலேயே நின்றுபோகத் தொடங்கியதும், வேறொருவர் ஓட்டிக் கழித்த காரை என் கணவர் வாங்கினார். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது தானியங்கிக் குளிர்சாதனம். 'ஆட்டோ' பொத்தானை அழுத்தி இருபத்து நான்கு டிகிரி என்று வைத்துவிட்டால், வெயிலுக்கும் மழைக்கும் தகுந்தபடி காரே காற்றைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஏறி உட்கார்ந்தவர்களிடமெல்லாம் இதைச் சொன்னார். என்னிடம் பலமுறை.

எனக்கும் அந்தப் பொத்தானுக்கும் ஒத்துப்போகவில்லை. அந்தச் சமயத்தில் உடம்பு என் சொல்லைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. சும்மா இருக்கும்போதே நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பிக் கழுத்து, முகம், காது என்று பரவும். சட்டை நனைந்துவிடும். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் இப்படி வரும் என்று கிளினிக்கில் தாதி சொல்லியிருந்தார். அதை வீட்டில் நான் சொல்லவில்லை. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவரிடம் என்ன வெட்கமோ.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரான யோங் பெங்கிலிருந்து மூவாரில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குக் கிளம்பினோம். பாரிட் சூலோங்கை நெருங்கும்போது சூடு வந்தது. கையை நீட்டிப் பதினெட்டுக்கு இறக்கினேன். செம்பனை மரங்கள் கொஞ்சம் கடந்ததும் அவர் மெல்ல ஏற்றினார். நான் மறுபடி இறக்கினேன். அவர் மறுபடி ஏற்றினார்.

"விட்டுடும்மா. அதுவே பாத்துக்கும்லா."

"வெளியில அடிக்கிற வெயில் அதுக்குத் தெரியும். எனக்குள்ள அடிக்கிறது தெரியுமா?"

கத்திவிட்டேன். அவர் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை ஓரங்கட்டினார். அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார்.

"என்னம்மா செய்யுது? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

சொன்னேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்ததால் சுலபமாக இருந்தது. கேட்டு முடித்தவர் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்போ என்மேல கோவம் இல்லையா?"

"எதுக்குக் கோவம்?"

"தூங்கும்போது எழுந்து ஹால்ல போய்ப் படுத்துக்கிற. பக்கத்துல வந்தா தள்ளிப் போற. நான் என்னமோ செஞ்சிட்டேன்னு நெனச்சேன். என்னன்னுதான் தெரியல."

சொல்லாமலே பாத்திரம் கழுவியதும், கேட்காமலே இரவுச் சந்தையில் எனக்காக வேர்க்கடலை தூவி மடித்த அப்பம் பாலிக் வாங்கி வந்ததும் எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. செய்யாத குற்றத்துக்கு மாதக்கணக்கில் சமாதானம் செய்துகொண்டிருந்திருக்கிறார் மனிதர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும்தான்.

அவர் குனிந்து ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார். ஒன்றை அழுத்தியதும் ஒரு சிறிய விளக்கு அணைந்து, இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எண் தெரிந்தது.

"அலமாக்! ரெண்டு பக்கமும் தனித்தனியா வைக்கலாம் போலிருக்கே!"

என் பக்கம் பதினெட்டு வைத்தார். தன் பக்கம் இருபத்தைந்து. ஆனால் அவ்வளவு சின்ன காருக்குள் குளிர் எல்லை பார்த்தா நிற்கும்? கொஞ்ச தூரம் போவதற்குள் பின் இருக்கையில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டார். என் பக்கத்துப் பதினெட்டை மட்டும் மாற்றவில்லை.

மூவாரில் தங்கை கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். "என்ன மாமா, காய்ச்சலா?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க அக்காவைக் கேளு."

அவர் இறங்கி வீட்டுக்குள் போனதும், காரில் இருந்தபடியே தங்கையிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள்.

"எனக்கும்தான்க்கா. யாருகிட்ட சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

சொல்லிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அவள் பக்கத்தையும் பதினெட்டுக்கு இறக்கினேன். வீட்டு வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து இரண்டு பேரும் பேசத் தொடங்கினோம். முடிகிற வழியாக இல்லை.

நெடுநேரம் கழித்து அவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "டீ போட்டுட்டேன். உள்ள வர்றீங்களா?"

தங்கை கண்ணாடியைக் கொஞ்சமாக இறக்கினாள். "இங்கேயே குடுங்க மாமா."

கொண்டுவந்து கொடுத்தார்.