தபால்காரர் சாப்பிடுகிற இடம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு மாதத்தில் இருபது நாள் வெளியூர் வாசம்தான். போகிற ஊரில் எங்கே சாப்பிடலாம் என்று மனைவி இன்டர்நெட்டில் ஹோட்டல்களுக்கு ஜனங்கள் போட்ட ஸ்டாரை எண்ணிப் போனில் சொன்னால் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்.

"ஸ்டார் போட்டவன் நாக்கு எப்படிப்பட்டதுன்னு உனக்குத் தெரியுமா?" என்பார்.

அவர் வழியே வேறு. மதியம் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு தபால்காரர் பின்னால் போய்விடுவார். தெருத்தெருவாகச் சுற்றுகிற மனிதருக்குத் தெரியாத அடுப்படியா? பதினைந்து வருடத்தில் ஒருமுறைகூட அவர் வயிறு ஏமாந்ததில்லை.

அன்று புது ஊரில், சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு தபால்காரர் நுழைந்த வாசலில் இவரும் நுழைந்தார். போர்டு இல்லை. போர்டு வைக்காத கடையில்தான் ருசி இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தபால்காரருக்கு எதிரே உட்கார்ந்தார். ஒரு பெண்மணி பேசாமல் தட்டு வைத்து, சோறும் மீனும் பரிமாறினார். இவர் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து, "மீன் பிரமாதம். உப்புதான் ஒரு கல் தூக்கல். பில் கொண்டு வாங்கம்மா," என்றார்.

பெண்மணி தபால்காரரைப் பார்த்தார். "உங்க ஆபீஸ்காரர்னுல்ல நெனச்சேன்."

"உன் அண்ணன் அனுப்பின ஆளுன்னு நான் நெனச்சேன்."

மெக்கானிக்குக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. தன் வழக்கத்தை மென்று விழுங்கிச் சொல்லி முடித்தார். தபால்காரர் இன்னொரு துண்டு மீனைத் தட்டில் போட்டுக்கொண்டார்.

"உங்க கணக்கு தப்பில்ல சார். இந்த ஊர்ல எல்லா ஹோட்டலுக்கும் நான்தான் தபால் கொடுக்கிறேன். ஆனா சாப்பிட வீட்டுக்குத்தானே வர்றேன்."