எர்ணாவூர் மைக்கேல் அண்ணனும் ஒரு தெர்மகோல் பெட்டியும்

மைக்கேல் அண்ணன் போய்விட்டார்.

காலையில் அவர் மனைவி ரோசி அக்கா போன் செய்தார். "உங்க அண்ணன் போய்ட்டாரும்மா" என்றார். 

அப்போதிலிருந்து கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால்தான் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்...

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். திருவொற்றியூரில் ஒரு மர யார்டில் நான் பில் போடும் கிளார்க், அவர் கிரேன் ஆபரேட்டர். ஆப்பிரிக்காவிலிருந்து ஹார்பருக்கு வரும் தேக்குக் கட்டைகள் எங்கள் யார்டில்தான் இறங்கும்.

ஒரு நாள் கன்டெய்னரைத் திறந்தால், பொந்து விழுந்த கட்டைக்குள் ஒரு பாம்பு. முட்டைகளைச் சுற்றிப் படுத்திருந்தது. சீறவில்லை, கடிக்க வரவில்லை. ஆட்களைப் பார்த்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு பந்து மாதிரி சுருண்டுவிட்டது.

அதன் பெயர் பால் பைத்தான், விஷமே கிடையாது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. "அடிக்காதீங்கடா" என்று கத்திக்கொண்டே அண்ணன் கிரேனிலிருந்து இறங்குவதற்குள் கடப்பாரையால் அடித்துவிட்டார்கள்.

முட்டைகள் ஐந்து. அவற்றை ஒரு தெர்மகோல் பெட்டியில் வைத்து நேராக என் ரூமுக்கு எடுத்து வந்தார். யார்டில் பூட்டுப் போட்ட ரூம் அது ஒன்றுதான்.

"தாயத்தான் வுடல... இதுங்களயாவது பாப்போம் தங்கச்சி."

டிவியில் பாம்பு வந்தாலே காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிற ஆள் நான். என் டேபிளுக்கு அடியிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார் மனுஷன். மேனேஜர் குனிந்து பார்த்தால் இரண்டு பேர் வேலையும் போயிருக்கும்.

அண்ணன் வீட்டில் கோழி வளர்ப்பவர். பாம்பு முட்டைக்கும் அதே கவனிப்புதான். ஈர மரத்தூள், மேலே ஒரு குண்டு பல்பு. கோழி தன் முட்டையைப் புரட்டுவது போலக் காலையும் மாலையும் ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டார். எந்தப் பக்கம் புரட்டினோம் என்று மறந்துவிடக் கூடாதென்று பென்சிலால் சிலுவைக் குறி வேறு...

பாம்பு முட்டையைப் புரட்டவே கூடாதாம். யாருக்குத் தெரியும்?

நான்கு முட்டைகள் அழுகிப்போயின. ஐந்தாவது ஒரு மரச் சிம்போடு ஒட்டியிருந்தது. பிய்த்தால் உடைந்துவிடும் என்று பயந்து அதை மட்டும் அப்படியே விட்டிருந்தார். அதுதான் பொரிந்தது.

சுண்டுவிரல் தடிமனில் ஒரு குட்டி. தோல் சுருங்கி, தொப்புளில் கொஞ்சம் மஞ்சள் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையைக்கூடச் சரியாகத் தூக்க முடியவில்லை.

அது சாப்பிடவில்லை. கோடவுனில் தேடிப் பிடித்து எலிக்குஞ்சு கொண்டுவந்து போடுவார், அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நாளாக நாளாக முதுகெலும்பு வெளியே தெரிய ஆரம்பித்தது.

அண்ணனுக்கு இருப்புக்கொள்ளாது. லோடு இறக்கும் நடுவிலேயே ஓடி வந்து, பெட்டி மூடியில் விரலால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திறப்பார். அசைந்தால் மூச்சு விடுவார். அசையாவிட்டால் தொட்டுப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடி டொக் டொக்...

"உசிரோட கீதா தங்கச்சி?" இதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது. சோற்றில் கை வைத்தபடியே டேபிளுக்கு அடியில் குனிந்து பார்ப்பேன்.

கடைசியில் தெரிந்த கால்நடை டாக்டர் ஒருவரிடம் போனில் கேட்டோம். "தட்டித் தட்டியே அதைப் பயமுறுத்தி வெச்சிருக்கீங்க. இருட்டுல தனியா விடுங்க, தானா சாப்பிடும்" என்று திட்டினார்.

விடத்தான் இவரால் முடியவில்லை. 'விட்டுட்டு, அது செத்துப்போச்சுன்னா?' என்பார்.

அப்போது பார்த்து லாரி ஸ்டிரைக். யார்டை மூடினார்கள். ஒரு எலிக்குஞ்சை உள்ளே போட்டு, பெட்டிமேல் கோணியைப் போர்த்தி, ரூமைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க. நான் வந்து இன்னா சொல்லிக் கேட்டாலும் குடுக்காத."

மறுநாளே ராயபுரத்தில் என் வீட்டு வாசலில் நிற்கிறார்.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

"எர்ணாவூர்லேர்ந்து சும்மாவாண்ணே?"

டீ கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தார். "ஒரே ஒரு தபா தட்டிப் பாத்துட்டு வந்துடறேன் தங்கச்சி" என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தது. கரண்ட் போயிருந்தால்? பல்பு ஃப்யூஸ் ஆகியிருந்தால்? சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். "செரி, நீயே வெச்சுக்க" என்று எழுந்து போனார்.

ஸ்டிரைக் முடிந்து ரூமைத் திறந்தபோது அவர் உள்ளேயே வரவில்லை. "நீ பாரும்மா" என்று வெளியே திரும்பி நின்றுகொண்டார். பாம்புக்குப் பயந்த நான்தான் மூடியைத் திறந்தேன்.

எலிக்குஞ்சு இல்லை. குட்டியின் வயிறு நடுவில் உப்பியிருந்தது.

"துன்னுடுச்சுண்ணே" என்றேன். கிரேன் ஓட்டுகிற அந்த ஆள் வாசலில் குந்தி உட்கார்ந்து அழுதார்.

பிறகு அந்த டாக்டரே ஆள் அனுப்பிக் குட்டியை எடுத்துக்கொண்டார். நான் வேலையை விட்ட பிறகும் அண்ணன் அவ்வப்போது போன் செய்வார். "நல்லா கீதாம் தங்கச்சி. இப்ப என் கை தண்டி கீதாம்." வேறு விஷயமே இருக்காது.

ஐஸ் பெட்டி வந்துவிட்டதாம். அண்ணனைச் சாயங்காலம்வரை எர்ணாவூர் வீட்டில்தான் வைத்திருப்பார்கள். பழைய யார்டு ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் வந்துவிடுங்கள்.

நானும் கிளம்பவேண்டும். புடவை மாற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் ஆகிறது, எழுந்திருக்க முடியவில்லை. அந்தக் கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில் போய் நின்றால், என் விரல் தானாகத் தட்டிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

தட்ட மாட்டேண்ணே. நீங்க படுங்க.