நெற்றிச்சுட்டியும் இரண்டு கேமராக்களும்

அந்த வாரக்கடைசி முழுவதும் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு வைக்க இடமில்லை. இரண்டு கேமராப் பெட்டிகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. இரண்டும் கடையிலிருந்து பரிசோதனைக்கு வந்தவை. திங்கட்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதை வாங்கியாக வேண்டும்.

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். பினாங்குத் தீவிலும், பாலத்துக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப் வரையிலும், எங்கே மேளம் கொட்டினாலும் அநேகமாக நான் அங்கே இருப்பேன். மணவறைக்கு முன்னால் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் மாமாக்களை ஒரே அதட்டலில் நகர்த்திவிடுவேன். ஐயரிடமே "சாமி, கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று சொல்லியிருக்கிறேன். எதை எடுப்பது, எப்போது எடுப்பது என்பதில் எனக்குக் குழப்பம் வந்ததே கிடையாது. கேமரா விஷயத்திலும் வரவில்லை. கடையில் பார்த்த உடனேயே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு தப்பு என்பது வேறு விஷயம்.

இரண்டுமே மீடியம் ஃபார்மட் கேமராக்கள். பயந்துவிட வேண்டாம், படம் விழுகிற சென்சார் வழக்கமான கேமராவில் இருப்பதைவிடப் பெரிது, அவ்வளவுதான். பட்டுச் சேலையின் ஜரிகையை இழை இழையாகக் காட்டும். அதைவிட முக்கியம், வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவில் இருக்கும் நிறங்களை விழுங்கிவிடாது. எங்கள் முகங்களெல்லாம் அந்த நடுவில்தான் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், ஒரு கம்பெனியின் லென்ஸ் மற்ற கம்பெனியின் கேமராவில் பொருந்தாது. இன்றைக்கு எதை வாங்குகிறோமோ, இனி வரும் லென்ஸெல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் வர வேண்டும். பிடிக்கவில்லை என்று பாதியில் திரும்பி வருவது சுலபமில்லை.

ஒன்றுக்கு மகாராணி என்று பெயர் வைத்தேன். அவளுக்கு ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. அதனால் உச்சி வெயிலில்கூட ஃபிளாஷ் அடித்து, பின்னால் இருக்கும் வானத்தைக் கருநீலமாக இறக்கிவிட்டு, முகத்தை மட்டும் ஒளிர வைக்கலாம். ஆனால் எல்லாவற்றிலும் நிதானம். எழுப்பினால் எழுந்திருக்க நேரம், ஃபோகஸ் பிடிக்க நேரம். இன்னொன்று ஓட்டக்காரி. வெயிலில் ஃபிளாஷ் போட வேண்டுமென்றால் அவள் பாச்சா பலிக்காது. ஆனால் எதிரில் நிற்பவரின் கண்ணை அவளே தேடிப் பிடித்துக்கொள்வாள். நம் கை நடுங்கினாலும் அவள் படம் நடுங்காது.

கடை முதலாளி தவுக்கே, என்னோடு சேர்ந்து நரைத்த சீனர். "ரெண்டும் நல்ல சாமான் லா, சிஸ்டர்" என்றார். எனக்கு மகாராணிதான் வேண்டும் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டிகளையும் என் தலையில் கட்டி, "போட்டுப் பாரு, அப்புறம் பேசு" என்று அனுப்பிவிட்டார்.

போட்டுப் பார்க்க ஒரு முகம் வேண்டும். என் தங்கையின் முகம்தான் வேண்டும் என்று அப்போதே நினைத்துவிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது.

என் தங்கை பாயான் லெப்பாஸில் சிப் செய்கிற தொழிற்சாலையில் பொறியாளர். வரிசையில் வரும் சிப்புகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, கீறலும் தூசியும் உள்ளவற்றைக் கழித்துவிடும் பிரிவு அவளுடையது. நாள் முழுக்கக் குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம். அந்தக் குணம் வீட்டுக்கும் வரும். என் சாம்பாரைக்கூட ஒரு கரண்டி எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள்.

அவள் நல்ல கறுப்பு. நானும்தான். நான் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டதால் தப்பித்தேன், அவள் மாட்டிக்கொண்டாள். சில வருடங்களுக்கு முன்னால் அவளுக்கு வரன் தேடியபோது அம்மா ஒரு ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். நான் அப்போது கோலாலம்பூரில் வேலையாக இருந்தேன். படத்தில் அவளை மாவில் புரட்டி எடுத்த மாதிரி வெளுக்க வைத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு தாசேக் கெலுகோரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா கையிலிருந்த படத்தைப் பார்த்தார். கோப்பித் தட்டோடு வந்து நின்ற இவளைப் பார்த்தார். மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு மிக மரியாதையாக, "படத்துல இருக்குற பொண்ணு உள்ள இருக்காங்களா?" என்று கேட்டார்.

அந்த அம்மாள் வேண்டுமென்று கேட்கவில்லை. அதுதான் கொடுமை. அன்றோடு என் தங்கை படத்துக்கு நிற்பதை விட்டுவிட்டாள். குடும்பப் படம் எடுக்கும்போது குழந்தையைத் தூங்க வைக்கிறேன் என்று உள்ளே போய்விடுவாள். அது யார் குழந்தையாக இருந்தாலும் சரி.

இப்போது அவளே ஒருவரைப் பார்த்துப் பிடித்து, கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதே தொழிற்சாலையில் வேலை செய்பவர், தங்கமான மனிதர். அவருடைய கைப்பேசியில் இவளுடைய சாப்பாட்டு டப்பா இருக்கிறது, இவள் ஓட்டிவரும் காடியின் பின்பக்கம் இருக்கிறது, மருதாணி வைத்த இவள் கை இருக்கிறது. முகம் மட்டும் இல்லை. "ஒண்ணே ஒண்ணு கெடச்சா போதும்க்கா" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டிருக்கிறார். இவளோ கல்யாணத்துக்கே படக்காரர் வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

"யாரும் வேணாம்க்கா. நீயும் கேமராவத் தூக்கிட்டு வராத. வந்து, உக்காந்து, சாப்ட்டுட்டுப் போ."

ஊரில் உள்ள பெண்களையெல்லாம் எடுத்தவள், சொந்தத் தங்கையின் கழுத்தில் தாலி ஏறும்போது பாயசம் குடித்துக்கொண்டு உட்கார வேண்டுமாம். எப்படியாவது அவளைப் படத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று எனக்கு வெறியே பிடித்துவிட்டது. ஆகவே கேமராப் பெட்டிகள் வந்த அன்று அவளுக்குப் போன் போட்டேன். எனக்காக நில் என்று கேட்கவில்லை. இரண்டு சாமானில் எது மேல் என்று தெரிய வேண்டும், நீதான் கழிக்கிறதில் கெட்டிக்காரியாயிற்றே என்றேன். பரிசோதனை என்றதும் காது கொடுத்தாள்.

"எல்லாப் படத்தையும் நாந்தான் செக் பண்ணுவேன். நாந்தான் அழிப்பேன்."

"அழி. ஒண்ணாச்சும் மிஞ்சுனா?"

"மிஞ்சாது."

"மிஞ்சுனா ஒன் கல்யாணத்துக்கு நாந்தான் எடுப்பேன்."

"சரி லா. மிஞ்சுனாத்தானே."

சனிக்கிழமை நடுப்பகலில் அவளை எஸ்பிளனேடு கடற்சுவருக்கு அழைத்துப்போனேன். நல்ல வெயில் வேண்டும் என்று நானே தேர்ந்தெடுத்த நேரம். மகாராணி யார் என்று காட்ட வேண்டாமா? கல்யாணத்தில் எப்படி இருக்குமோ அப்படியே பார்க்க வேண்டும் என்று சொல்லி, பட்டுச் சேலை, நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி எல்லாம் போட வைத்தேன். அவள் வியர்த்துக்கொண்டே திட்டினாள். சுற்றுப்பயணிகள் இருவர் அவளைப் படமெடுக்கக் கிட்டே வந்தார்கள். நான் முறைத்த முறைப்பில் திரும்பிப் போனார்கள்.

கேமராவின் போக்கில் விட்டால், எந்தக் கேமராவும் கறுப்பு முகத்தைக் கொஞ்சம் வெளுக்கத்தான் செய்யும். ஒளியை அளக்கிற கருவிக்கு எல்லாம் ஒரே நடுத்தரச் சாம்பலாக இருந்தால்தான் திருப்தி. அதனால் நான் எப்போதும் ஒளியை ஒரு படி இறக்கித்தான் எடுப்பேன். இரண்டு கேமராவிலும் அப்படியே செய்தேன். மகாராணியில் ஃபிளாஷ் பளிச்சிட்டதும் பின்திரையில் பார்த்தேன். கடல் கறுத்து, வானம் இறங்கி, நடுவில் என் தங்கை செதுக்கி வைத்தது போல் நின்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓட்டக்காரியைக் கடமைக்கு எடுத்து நாலைந்து தட்டினேன். வெயில் அவள் முகத்தில் கன்னாபின்னாவென்று விழுந்திருந்தது.

"முடிஞ்சுச்சா?" என்று செருப்பைக் கழற்றிவிட்டு மர நிழலில் உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்து தொழிற்சாலையிலிருந்து போன் வந்தது. ஏதோ ஓர் இயந்திரம் சிப்புகளைக் கீறித் தள்ளிக்கொண்டிருந்ததாம். பட்டுச் சேலையும் நெற்றிச்சுட்டியுமாக அவள், "நிறுத்து! லைன நிறுத்துன்னு சொல்றேன்! நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் வெளிய விடாத!" என்று கத்தினாள். ஓட்டக்காரி என் கையில்தான் இருந்தாள். எடுத்தேன். கை தானாகச் செய்துவிட்டது.

அவள் தொழிற்சாலைக்கு ஓடி, வேலையை முடித்து, சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தாள். முகம் கழுவிக்கொண்டு பெரிய திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள். நான் மகாராணியின் படங்களைப் பெருமையோடு திறந்து வைத்தேன். அவள் படத்தைப் பார்க்கவே இல்லை. நேராக நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து தொடங்கி, வரி வரியாக நகர்த்திக்கொண்டே வந்தாள். வேலையில் சிப்பைப் பார்க்கிற மாதிரியே. நெற்றிக்கு வந்ததும் கை நின்றது.

"கல்லு ஷார்ப்பா இருக்கு."

"பாத்தியா!"

"கண்ணு இல்லக்கா."

குனிந்து பார்த்தேன். நெற்றிச்சுட்டி, ஒவ்வொரு கல்லையும் எண்ணிவிடலாம் போல மின்னியது. அதற்குக் கீழே இரண்டு கண்களும் பனி மூடியதுபோல் மங்கியிருந்தன. மகாராணி மினுக்குகிற கல்லைப் பார்த்து மயங்கி, ஃபோகஸை அங்கேயே வைத்துவிட்டாள். சின்னப் பின்திரையில் எனக்கு அது தெரியவில்லை. அடுத்த படமும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

"ரிஜெக்ட்" என்றாள். அழித்தாள். "ரிஜெக்ட்."

எனக்கு மூக்கு மேல் கோபம். நிதானமாகக் கையால் ஃபோகஸ் வைத்தால் சரியாக வரும், அந்த வானத்தைப் பார், அப்படி ஒரு வானத்தை ஓட்டக்காரி தலைகீழாக நின்றாலும் தருவாளா என்று வரிந்துகட்டிக்கொண்டு வாதாடினேன். அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"தாலிய வெயில்லயாக்கா கட்டப் போறாங்க?"

நான் ஓட்டக்காரியின் கார்டை எடுத்துச் செருகினேன்.

ஓட்டக்காரியின் படங்கள் வந்தன. வெயிலில் எடுத்தவையெல்லாம் ஒவ்வொன்றாகப் போயின. கடைசியில் அவள் போனில் கத்திக்கொண்டிருந்த படம் திறந்தது. அதை எடுத்தது அவளுக்குத் தெரியாது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பெரிதாக்கினாள். இடது மேல் மூலை, இலை நிழல், காற்றில் பிரிந்த முடி. நெற்றிச்சுட்டி ஒரு பக்கமாகச் சரிந்து லேசாக மங்கியிருந்தது. கண் இருந்தது, இமை முடி முடியாக. கோபத்தில் விரிந்த கண். அதற்குக் கீழே, தொழிற்சாலையில் தினமும் முகக்கவசம் போட்டுப் போட்டு மூக்குத்தண்டில் விழுந்த தழும்பு. எந்த ஸ்டூடியோவும் முதல் வேலையாக அழித்துவிடுகிற தழும்பு அது. அவள் கை அங்கே வந்ததும் நகரவில்லை.

"இதுல கை வெச்சியா?"

"இல்ல."

"கலரு?"

"ஒளிய எறக்குனேன். வேற ஒண்ணும் தொடல."

படத்தைச் சின்னதாக்கி முழுமுகத்தையும் பார்த்தாள். தன் முகத்தை அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. அழிப்பது அவள் உரிமை என்று ஒத்துக்கொண்டிருந்ததால் நானே கேட்டேன்.

"அழிக்கலையா?"

"இருக்கட்டும்" என்றாள். "அவருக்கு அனுப்பி வை" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட என்ன இருக்கிறது என்று பார்க்கச் சமையலறைக்குள் போய்விட்டாள். நான் அழுததை அவள் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மகாராணியைக் கடையில் திருப்பிக் கொடுத்தேன். தவுக்கே புருவத்தைத் தூக்கினார். நான் ஆரம்பத்திலிருந்தே ஓட்டக்காரியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் நம்பியது மாதிரி தலையாட்டினார்.

கல்யாணம் தண்ணீர்மலைப் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்தது. அம்மா ஒரே பிடியாக நின்றதால் நெற்றிச்சுட்டியும் இருந்தது. கெட்டிமேளம் கொட்டியது. அட்சதை பறந்தது. மாமாக்களின் கைப்பேசிகளெல்லாம் எழுந்தன, நான் போட்ட அதட்டலில் இறங்கின. மாப்பிள்ளை தாலியை எடுத்துக் குனிந்தார். அந்த நேரத்தில் பெண் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். எல்லாப் பெண்களும் குனிவார்கள், நான் எடுத்த அத்தனை தாலிகட்டுப் படங்களிலும் வகிடும் நெற்றிச்சுட்டியும்தான் தெரியும். என் தங்கையும் குனிந்துதான் இருந்தாள். முதல் முடிச்சு விழும்போது, பின்னால் நின்ற அத்தை "குனிம்மா" என்று சொல்லச் சொல்ல, தலையை நிமிர்த்தி, கூட்டத்தில் கேமரா எங்கே இருக்கிறது என்று தேடினாள்.